படகும் நாய்க்குட்டியும்

டீச்சருக்கு வயிறு எரிந்தது. பள்ளி வேலையை விட்டுவிட்டு, மாணவர்களின் பரீட்சைப் பதற்றத்தைக் குறைக்கும் விளையாட்டுகளை உருவாக்கும் இந்த அலுவலகத்துக்கு அவள் வந்து ஆறு வருடமாகிறது. ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். எதிர் மேஜைக்காரி வந்து எட்டு மாதம். அவளுக்கு இன்னும் ‘புதுசு’ என்றுதான் பெயர். அந்தப் புதுசுதான் இப்போது டீச்சரின் மூன்று வருட உழைப்பைத் தூக்கிச் சாப்பிடப் பார்த்தாள்.

டீச்சர் செய்த விளையாட்டு படகு. போனுக்கு முன்னால் நிதானமாக மூச்சை இழுத்து ஊதினால் அது நகரும். புதுசு செய்தது நாய்க்குட்டி. கவலையை எழுதிக் கொடுத்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ‘யாருக்கும் காட்ட மாட்டேன்’ என்று மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். இதற்கு எதற்கு மூளை?

நாற்பது மாணவர்களிடம் இரண்டையும் இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். எது பள்ளிகளுக்குப் போகும் என்று நாளை மேலாளர் முடிவு செய்வார். நாய்க்குட்டியிடம் பிள்ளைகள் தினமும் போனார்கள். படகை மூன்றாம் நாளே கைகழுவிவிட்டார்கள், பதினேழாம் எண் தவிர. அது டீச்சரின் மகள். ஒரு நாள் தவறாமல் படகு ஓட்டியிருந்தாள். பெற்ற வயிறு குளிர்ந்தது.

எங்காவது ஓட்டை கிடைக்காதா என்று நாய்க்குட்டியின் பதிவுகளைக் குடைந்தாள் டீச்சர். கிடைத்தது. பிள்ளைகள் எழுதுவதைச் சேமிக்க, சோதனைக்காகப் போட்டுவைத்த பதிவு வசதியை அணைக்க மறந்திருக்கிறாள் புதுசு. யாரும் பார்க்க முடியாது என்று சொன்ன அத்தனை எழுத்தும் அப்படியே கிடந்தது.

வசமாக மாட்டினாளா! நாளைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை போதும். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அத்தோடு மூடியிருக்க வேண்டும். ஆனால் தன் மகள் அந்த நாயிடம் என்னதான் சொல்கிறாள்? பொறுக்கவில்லை. பதினேழைத் திறந்தாள்.

‘அம்மா பக்கத்துல இல்லாதப்போ, படகு ஓட்ட போனை ஃபேனுக்கு முன்னாடி வச்சிட்டு குளிக்கப் போயிடுவேன். அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்.’

அடுத்த நாள்: ‘பரீட்சையைவிட, அம்மா தோத்துட்டா என்ன ஆகும்னுதான் பயமா இருக்கு. விளையாடும்போது பக்கத்துல நின்னு என் முகத்தையே பார்க்கறா.’

அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. கோபம் வந்தது, வெட்கம் வந்தது. எல்லாவற்றையும்விட, பெற்றவளிடம் சொல்லாததை ஒரு பொம்மை நாயிடம் சொல்லியிருக்கிறாளே என்ற பொறாமைதான் அதிகமாக வந்தது.

எழுந்து எதிர் மேஜைக்குப் போனாள்.

“சோதனைப் பதிவை அணைக்கலை நீ. பிள்ளைங்க எழுதினதெல்லாம் அப்படியே இருக்கு.”

புதுசின் முகம் வெளுத்தது. “ஐயோ! நீங்க படிச்சீங்களா டீச்சர்?”

“பதினேழை மட்டும். தப்புதான். இப்பவே எல்லாத்தையும் அழி. நாளைக்கு மேலாளர்கிட்ட நீயே சொல்லிடு. பிள்ளைங்ககிட்டயும் சொல்லணும்.”

“நாளைக்கு நீங்களே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம். வாயை மூடிட்டு அழி.”

மறுநாள் புதுசு ஒளிக்காமல் சொன்னாள், திட்டு வாங்கினாள். ஆனாலும் நாய்க்குட்டியே ஜெயித்தது. டீச்சர் கைதட்டினாள், உள்ளங்கைதான் தட்டியது, மனசு தட்டவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள் கேட்டாள். “என்னம்மா ஆச்சு?”

கண் இமைக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தான் அவள் முகத்தைப் பார்த்தது எப்படி இருந்திருக்கும் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

“தோத்துட்டேன். வயிறு எரியுது, ரெண்டு நாள்ல சரியாயிடும். இன்னொண்ணு, நீ நாய்கிட்ட எழுதினதைப் படிச்சுட்டேன். செய்யக்கூடாததைச் செஞ்சேன்.”

மகளின் முகம் சிவந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டீச்சர் தட்டவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அரை மணி கழித்துக் கதவு பாதி திறந்தது.

“கணக்கு விஷயத்தையும் படிச்சியா?”

“என்ன கணக்கு விஷயம்?”

மகள் தயங்கினாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கணக்குல எனக்கு ஒண்ணுமே புரியலம்மா.”