வாசல் வரை வந்த டோலக்

காலையில் சமுதாயக் கூடத்துக்கு வந்து இறங்கியதுமே அண்ணன் தன் சக்கர நாற்காலியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அண்ணி சொன்னாள். தங்கை டோலக்கின் வாரைக் கழுத்தில் மாட்டியபடியே அண்ணனிடம் போனாள்.

"ஏண்ணா, இன்னைக்கு வகுப்பு முடியட்டும்னுதானே பேசினோம்?"

"அது பக்கத்துல இருந்தா உட்காரத்தான் தோணும். இன்னைக்கு இந்த வாசலை நானே தாண்டறேன். பஸ்லதான் வீட்டுக்குப் போறேன்."

பாதி வாழ்க்கையைப் பஸ் ஓட்டியே கழித்த மனுஷன். நடுக்க நோய் வந்த பிறகும் சமதரையில் எப்படியோ நடந்துவிடுவார். வாசல் வந்தால்தான் வம்பு. கால் இரண்டும் பசை போட்டதுபோல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே மாதக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சமுதாயக் கூடத்தில் இந்த வகுப்பு. தங்கை டோலக் வாசிப்பாள், அந்தத் தாளத்துக்கு அடி வைத்து நடக்கவேண்டும். ரெக்கார்டு போட்டால் போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. யார் நடக்கிறார்கள் என்று ரெக்கார்டுக்கு என்ன தெரியும்? தங்கைக்குத் தெரியும். அவளுடைய சிக்கலும் அதுதான் என்று அன்றுதான் விளங்கியது.

முதல் நடை ஜோராகத் தொடங்கியது. அண்ணன் கூடத்தின் நடுவே கம்பீரமாக வந்தார். அண்ணிக்கு வாயெல்லாம் பல். வாசல் நெருங்க நெருங்க அவருடைய அடி சுருங்கியது. தங்கையின் கையும் கூடவே தளர்ந்தது. கால் நின்றது, டோலக்கும் நின்றது.

வகுப்பை நடத்தும் பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகக் கேட்டார். "அவர் நின்னா நீங்க ஏன் நிக்கறீங்க?"

"பாடறவங்க இழுத்தா இழுக்கணும், நின்னா நிக்கணும். மேடையில எங்களுக்கு அப்படித்தாங்க பழக்கம்."

"இங்க அவர் பாடலையே. நீங்க முன்னால போங்க. அவர் கால் உங்களைப் பிடிச்சுக்கட்டும்."

சொல்வது சுலபம். காலமெல்லாம் அடுத்தவர் மூச்சைப் பார்த்து வாசித்த கை அது. ஆனாலும் தங்கைக்கு உள்ளுக்குள் குதூகலம் பொங்கியது. இது மட்டும் பலித்துவிட்டால்!

மறுபடி நடந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே தொடையில் தட்ட ஆரம்பித்தார்கள். வாசல் வந்தது. அண்ணன் கால் உறைந்தது. கையை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொள்ளத் தங்கைக்கு உடம்பெல்லாம் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தால் கை தளர்ந்துவிடும். அதனால் அவர் பக்கம் திரும்பாமல், தாளம் பிசகாமல், அவரைக் கடந்து வாசலுக்கு வெளியே இறங்கினாள். வெயிலில் கண் கூசியது. பின்னால் சத்தமே இல்லை. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது கேட்டது, செருப்பு தரையில் பதியும் ஓசை. ஒன்று. அடுத்தது. அப்புறம் அவளுடைய தாளத்தோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அண்ணன் தெருவில் நின்றிருந்தார். கண்ணில் நீர் முட்டி, அவள் கை தானாக நின்றுவிட்டது.

"ஏய் வாலு, எதுக்கு நிறுத்தற?" என்றார் அண்ணன். "பஸ் ஸ்டாப் இன்னும் அந்தக் கோடியில இருக்கு. நீ முன்னால போ, நான் பின்னாடியே வரேன்."