மணி அடிக்கட்டும், விடு

லிஃப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடிவரை முழங்காலைத் தடவிக்கொண்டே ஏறிவந்த லைன் அக்கா, கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, முதல் வேலையாக மேசைமேல் இருந்த சாம்பல் நிறத் தொலைபேசியை ஈரத்துணியால் துடைத்தாள். பதினான்கு வருடமாகத் துடைக்கிறாள். வீட்டு அடுப்பைக்கூட அவள் இத்தனை சிரத்தையாகத் துடைத்ததில்லை என்று கணவர் கேலி செய்வார். அவருக்கென்ன, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்று, முதுகுவலியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஊரையே கேலி செய்கிற மனுஷர்.

அலுவலகத்தில் அவளுக்கு லைன் அக்கா என்றுதான் பெயர். அவள் காத்துவந்த லைன் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகும். எல்லைக்கு அந்தப் பக்கம், இதே மாதிரி ஓர் அறையில், இதே மாதிரி ஒரு மேசையில் இருக்கும் இன்னொரு தொலைபேசிக்கு. இரண்டும் பெரிய நாடுகள். இரண்டிடமும் அணுகுண்டு குவிந்து கிடக்கிறது. ஏதாவது தவறு நடந்துவிட்டால், பதிலுக்குக் குண்டு போடுவதற்குள் பேசிக்கொள்ளட்டும் என்று, என்றோ புத்தியுள்ள நாலு பேர் கையெழுத்துப் போட்டு வைத்த இணைப்பு அது. காலை ஒன்பது மணிக்கு அவர்கள் கூப்பிட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு இவள் கூப்பிட வேண்டும். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அந்தப் பக்கத்து ஆளும் பதினான்கு வருடமாக ஒரே ஆள்தான். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர். "வணக்கம். என் குரல் தெளிவாகக் கேட்கிறதா?" என்பார். "கேக்குதுங்க. என்னோடது?" என்பாள் இவள். "தெளிவாகக் கேட்கிறது. நன்றி." அவ்வளவுதான். அதற்குமேல் மூச்சுவிடக் கூடாது என்பது விதி. பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஜலதோஷம் பிடித்தால் மட்டும் தெரியும்.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது, சொன்னால் வெட்கக்கேடு, ஒரு வயிற்றுப்போக்கு. நடுக்கடலில் இருக்கும் நாலு பாறைகள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் ஏற்கனவே முறைத்துக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் மூன்று மணிக்கு இவள் கூப்பிட்டபோது அந்த மனுஷர் கழிப்பறையில் இருந்தார். ஓடிவந்து எடுப்பதற்குள் ஒன்றரை நிமிடம் ஆகிவிட்டது. பாவம், காரணம் சொல்லவும் விதி அவரை விடவில்லை. இந்தப் பக்கம் இது தெரியவந்தபோது ரொம்ப நாள் கடந்திருந்தது.

லைன் அக்காவின் மேலதிகாரிக்கு ஸ்டாப்வாட்ச் என்று பட்டப்பெயர். யார் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார்கள், டீ குடிக்க எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்கிற பிரகிருதி. அவர் விடுவாரா? அந்த ஒன்றரை நிமிடத்தை 'திட்டமிட்ட அவமதிப்பு' என்று எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்களுக்கும் அன்று அது வாய்க்கு ருசியாக இருந்தது. மறுநாள் காலை ஒன்பதுக்கு மணி அடித்ததும் லைன் அக்கா கையை நீட்டினாள். ஸ்டாப்வாட்ச் தடுத்தார்.

"அடிக்கட்டும், விடு."

"சார், டெஸ்ட் கால் சார்."

"தெரியும்மா. நம்மள காக்க வெச்சாங்கல்ல? மூணு நிமிஷம் அடிக்கட்டும். நாட்டுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கில்ல?"

உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று அவளுக்கும் உள்ளுக்குள் கிளுகிளுப்பாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் துடைத்த தொலைபேசிக்கு ஒரு கெத்து வந்துவிட்டதே! மதியம் அவர்கள் ஐந்து நிமிடம் காக்கவைத்தார்கள். மறுநாள் இவர்கள் எட்டு. இரண்டு மாதத்தில் அது இருபது நிமிடத்தில் வந்து நின்றது. எழுத்துமூலம் ஆணையே வந்துவிட்டது: இருபது நிமிடத்துக்கு முன்னால் எடுக்கக் கூடாது. ஒருநாள் காது வலி தாங்காமல் பதினாறாம் நிமிடத்தில் எடுத்துத் தொலைத்தாள் என்று அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற பெண்பிள்ளை. மெமோவை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

அதே இரண்டு மாதத்தில் வேறொரு நேரமும் மாறியது. தங்களை நோக்கி ஏவுகணை வருவது தெரிந்தால், திருப்பி அடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கத் தலைவர்கள் முன்பு அரைமணி நேரம் வைத்திருந்தார்கள். அவர்கள் தூதரை இவர்கள் துரத்தினார்கள், இருபது நிமிடம் ஆயிற்று. இவர்கள் கப்பலை அவர்கள் மறித்தார்கள், பத்து நிமிடம் ஆயிற்று. பேச ஆகிற நேரம் ஏறிக்கொண்டே போயிற்று. அடிக்க ஆகிற நேரம் இறங்கிக்கொண்டே வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, அத்தனை பெரிய அரசாங்கத்தில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை.

அவளுடைய மகள் துறைமுக நகரத்தில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். லிஃப்ட் ஓடாத அந்த நாள் காலை, இவள் பேருந்தில் வரும்போதுதான் மகள் போனில் பேசினாள்.

"அம்மா, எங்க வார்ட பேஸ்மென்ட்டுக்கு மாத்துறாங்கம்மா. முன்னெச்சரிக்கையாம்."

"நீ லீவு போட்டுட்டு கெளம்பி வாடி."

"இருபத்தாறு பிள்ளைங்க இருக்கும்மா. யார்கிட்ட விட்டுட்டு வர்றது?"

நிறுத்தம் வந்து இறங்கினாள். ஒன்பது மணி சோதனை அழைப்பு வந்தது, இருபது நிமிடம் அடித்தது, எடுத்தாள், பேசினாள், வைத்தாள். அப்புறம் பதினொன்று இருபதுக்கு மறுபடி மணி அடித்தது.

பதினான்கு வருடத்தில் அந்த நேரத்தில் அது அடித்ததே இல்லை. அடுத்த அறைக்கு ஓடினாள்.

"சார், லைன் அடிக்குது. இது டெஸ்ட் நேரம் இல்ல சார்."

ஸ்டாப்வாட்ச் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்ப கூப்பிட்டாலும் நாம ஓடி வர்றோமான்னு ஆழம் பாக்குறாங்கம்மா. அடிக்கட்டும், விடு."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது, நின்றது, உடனே மறுபடி அடித்தது. சோதனை அழைப்பில் அந்த மனுஷர் இப்படி விட்டு விட்டு அடிக்கிறவர் இல்லை. நான்காம் நிமிடம், ஐந்தாம் நிமிடம். கைப்பையில் இருந்த மெமோ நினைவுக்கு வந்தது. கணவரின் மருந்துச் சீட்டு நினைவுக்கு வந்தது. எனக்கென்ன வந்தது, சொன்னதைச் செய்கிறவள்தானே நான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஏழு, எட்டு. யார்கிட்ட விட்டுட்டு வர்றது என்று மகள் கேட்டது காதிலேயே நின்றது. ஒன்பதாம் நிமிடம் அவள் எடுத்துவிட்டாள்.

வணக்கம் வரவில்லை. குரல் தெளிவாகக் கேட்கிறதா என்ற கேள்வி வரவில்லை.

"வைத்துவிடாதீர்கள்! தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்! எங்கள் பயிற்சி ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டுவிட்டது. அதில் குண்டு இல்லை. உங்கள் துறைமுக நகரத்தைத் தாண்டிக் கடலில் விழும். இன்னும் இரண்டு நிமிடம். நாங்கள் உங்களை அடிக்கவில்லை அம்மா. நாங்கள் அடிக்கவில்லை."

அவள் போட்ட கூச்சலில் ஸ்டாப்வாட்ச் செருப்பில்லாமல் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேலிடத்துக்கான தொலைபேசியை எடுத்தார். அங்கே எட்டு நிமிடமாக ராடார் திரையைப் பார்த்துக்கொண்டு, பதிலடி ஆணையை மேசைமேல் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரி ஒரு வார்த்தை பேசவில்லையே, பேசாமல் அனுப்புகிறான் என்றால் போர்தானே என்பது அவர்கள் வாதம். எதிரி எட்டு நிமிடமாக இந்த அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தான்.

"நிஜமா, இல்ல ஏமாத்துறாங்களான்னு கேக்குறாங்கம்மா," என்றார் ஸ்டாப்வாட்ச்.

"பதினாலு வருஷமா கேக்குற குரல் சார். இன்னிக்கு அந்தாளு அழுவுறார்."

ஸ்டாப்வாட்ச் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தொலைபேசியில் சொன்னார்: "நிஜம்தான் சார். என் பொறுப்பு. கை வெச்சிடாதீங்க சார், ரெண்டே நிமிஷம் பொறுத்துக்குங்க." அந்த மனிதருக்கு அப்படிக் கெஞ்சத் தெரியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு நிமிடம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து, "விழுந்துவிட்டது. கடலில்," என்று குரல் வந்தது. போன உயிர் திரும்பி வந்தது. லைன் அக்கா விதியை மீறி ஒன்று கேட்டாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாங்க?"

"இரண்டு பேர்," என்றார் அவர்.

விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. அதே கட்டடம், அதே ஓடாத லிஃப்ட். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், எல்லோருக்கும் தூங்காத கண். ஸ்டாப்வாட்ச் பழியைத் தூக்கி அவள் தலையில் போடுவார் என்று அலுவலகமே எதிர்பார்த்தது. அவர் எழுந்து, "மணி அடிக்கட்டும்னு சொன்னவன் நான்தான். அந்தம்மா வந்து கேட்டாங்க, நான் தலையக்கூட தூக்கல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பத்து நாளில் பத்து வயது கூடியதுபோல் இருந்தார்.

விசாரணைக் குழுத் தலைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்குப் பதக்கம் குடுக்கலாம்னு பரிந்துரை பண்றோம்மா."

"வேணாங்க. எட்டு நிமிஷம் நானும் கையக் கட்டிக்கிட்டு மணியக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள் அவள். "மெமோவுக்குப் பயந்துக்கிட்டு. அதுக்கா பதக்கம்?"

தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "சரி. புது விதி எழுதியிருக்கோம். இனிமே இருபது நிமிஷம் கிடையாது. மூணு நிமிஷத்துல எடுத்துடணும்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அத்தனை அலுப்பு. "அந்த மூணு நிமிஷம் எதுக்கு சார்?"

தலைவர் மற்ற இருவரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அடிச்ச உடனே எடுத்தா எப்படிம்மா? அவங்க நம்மள காக்க வெப்பாங்க, நாம மட்டும் ஓடி ஓடி எடுக்கணுமா? நாளைக்கு நம்மள யாராவது மதிப்பாங்களா?"

லைன் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவங்க காக்க வெச்சா காத்துட்டு இருக்கேன் சார். எனக்கு அதுதானே வேலை. காத்திருந்ததால ஒரு நாடும் சாகல. அன்னிக்கு அங்கேயும் இங்கேயும் கெட்டவன்னு ஒருத்தன் இல்ல சார், எல்லாரும் பிள்ளை குட்டிக்காரங்கதான். நாம முதல்ல எடுத்தா கௌரவம் போயிடும்னு நெனச்சோம் பாருங்க, கோடி சனம் சாகறதுக்கு அது போதும். முதல் மணியிலயே எடுக்கணும்னு எழுதுங்க சார். அவங்க எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி."