ஒன்பதாவது சீட்டு

இன்னாசிராஜை நாலு பேர் முன்னால் வாயடைக்க வைக்க வேண்டும் என்று ஆனி பதினோரு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். நாலு பேர் என்பதெல்லாம் பேச்சுக்கு. அவளுக்குக் குறைந்தது நானூறு பேராவது வேண்டும். சூசையப்பர் திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாளுக்கு டவுன்ஷிப்பிலிருந்தும் மந்தாரக்குப்பத்திலிருந்தும் அவ்வளவு பேர் தாராளமாக வருவார்கள்.

இன்னாசிராஜ் மைன்ஸில் பெர்மனென்ட் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இள வயதில் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்துவிட்டு, அங்கி போடாமலே வெளியே வந்து லூர்துமேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். சாமியாராகாத குறையை ஊர்க்காரர்கள் தலையில் ஏறித் தீர்த்துக்கொள்கிறார் என்பது ஆனியின் கணிப்பு. எந்த ஃபாதர் மாற்றலாகி வந்தாலும் ஒரு மாதத்துக்குள், “எதுக்கும் இறையியல் சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்” என்று சொல்லப் பழகிவிடுவார். பூசை வைப்பவர் ஃபாதர், எது செல்லும் எது செல்லாது என்று சொல்பவர் இன்னாசிராஜ்.

ஆனி சுரங்கத்துக் காண்டீனில் கான்ட்ராக்ட் வேலை செய்பவள். அவள் புருஷன் கொளஞ்சிநாதன் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட். அவன் இந்து, அவள் கத்தோலிக்கப் பெண், இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டார்கள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. காலை பதினொரு மணிக்குப் பிறந்த பிள்ளை சாயங்காலம் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஆனி படுக்கையிலிருந்தே கெஞ்சினாள். கொளஞ்சிநாதன் ஓடிப்போய் இன்னாசிராஜுக்குப் போன் போட்டான். ஃபாதர் கடலூருக்குப் போயிருக்கிறார், ராத்திரி வந்துவிடுவார், அதுவரை காத்திருங்கள், நீங்களாக எதுவும் செய்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னார். கையில் தண்ணீர் பாட்டிலோடு அவன் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். நாலு மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அப்போதிருந்த ஃபாதர் சின்ன வயசுக்காரர், வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. வழக்கம்போல இறையியல் சாரைக் கேட்டார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு ஜெபம் கிடையாது, ஃபாதர் மந்திரித்த கல்லறை நிலத்தில் இடம் கிடையாது, பதிவேட்டில் பெயரும் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. கம்மாபுரம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே, கருவேல மரத்தடியில், ஒரு வார்த்தை ஜெபம் இல்லாமல் கொளஞ்சிநாதன் தானே குழி தோண்டிப் பிள்ளையை வைத்தான். வீட்டுக்கு வந்து அவன் ஆனியிடம் சொன்னது ஒன்றுதான். எங்க ஆளுங்கன்னா நாலு பேராவது கூட வந்திருப்பாங்க என்றான்.

ஆனி அழுது முடித்ததும் படிக்கத் தொடங்கினாள். இன்னாசிராஜ் எதை வைத்து அவள் பிள்ளையை வெளியே தள்ளினாரோ அதையே எடுத்து அவரை அடிக்க வேண்டும், வேறு எதனால் அடித்தாலும் அவருக்கு வலிக்காது. கடலூரில் பொதுமக்களுக்கு இறையியல் வகுப்பு மாதம் ஒரு ஞாயிறு நடந்தது. மூன்று வருஷம் பஸ் ஏறிப் போனாள். வெங்காயம் உரித்த கையோடு நோட்டு எடுத்தாள். இரண்டாம் வருஷம் ஒரு வகுப்பில் சிஸ்டர் ஒருவர், ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், இந்து கொடுத்தாலும் செல்லும் என்று போகிறபோக்கில் சொன்னார். ஆனி எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்று வாந்தி எடுத்தாள். புருஷன் கையில் இருந்த அந்தத் தண்ணீர் பாட்டில்தான் கண்ணுக்குள் நின்றது. அதைக் கொளஞ்சிநாதனிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு சேதி வந்தது. பழைய கல்லறைத் தோட்டத்து நிலம் சுரங்க விரிவாக்கத்துக்குப் போகிறது. உள்ளே இருப்பவர்களின் எலும்புகளை எடுத்துப் புது இடத்தில் வைக்கப் போகிறார்கள். லிஸ்ட் எழுதும் பொறுப்பு இன்னாசிராஜுக்கு. மே ஒன்றாம் தேதி, திருவிழாவன்று காலையில் லிஸ்ட் முடியும். ஆனி தன் பிள்ளையையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள்.

“பதிவேட்டுல இல்லாத பேர நான் எப்படிம்மா எழுதறது?” என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. லிஸ்டில் இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் அந்தக் கருவேல மரமும் அடியில் இருப்பதும் மண்ணோடு மண்ணாக மெஷினில் போய்விடும். அன்றைக்கு வீடு திரும்பும் வழியிலேயே அவளுக்குக் கேள்விப் பெட்டி ஞாபகம் வந்தது.

கேள்விப் பெட்டி இன்னாசிராஜ் கொண்டுவந்த வழக்கம். நவநாளில் தினமும் பூசை முடிந்ததும் அவர் மைக் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். எடுத்த சீட்டை எழுத்து விடாமல் வாசித்துப் பதில் சொல்வார். வாசிக்காமல் எந்தச் சீட்டையும் மடிக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

முதல் நாள் ஆனி ஒரு மஞ்சள் சீட்டுப் போட்டாள். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம்? யாரும் கொடுக்கலாம் என்றார் அவர். மறுநாள் மஞ்சள் சீட்டு, இந்து கொடுத்தால் செல்லுமா என்று கேட்டது. திருச்சபை என்ன நினைத்துக் கொடுக்கிறதோ அதை நினைத்துக் கொடுத்தால் போதும், செல்லும் என்றார். எந்தத் தண்ணீர் என்று மூன்றாம் நாள் கேட்டதற்கு, கடையில் விற்கிற பாட்டில் தண்ணீர்கூடப் போதும், கடவுள் பிராண்டு பார்ப்பதில்லை என்றார். ஜனம் சிரித்தது. ஆனி நகத்தால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள்தான் அவர் உச்சத்துக்குப் போனார். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை எங்கே போகும் என்பது கேள்வி. ஆதிகாலத்து ஆயர் ஒருவர் கடுமையாகச் சொன்னதையும், பின்னால் வந்த துறவி மெய்யியலாளர்கள் அதைக் கொஞ்சம் இளக்கி, துன்பமும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத ஓரிடத்தைக் கண்டுபிடித்ததையும் அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில், இதெல்லாம் இறையியலாளர்களின் கருத்துதானே தவிர விசுவாச சத்தியம் அல்ல, அந்தப் பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் விட்டு நம்பிக்கையோடு இருக்கத்தான் திருச்சபை சொல்கிறது என்று முடித்தார். கைதட்டினார்கள். மஞ்சள் சீட்டுக்காரர் நல்ல படிப்பாளி, யாரோ இன்ஜினியராகத்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டினார்.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி லூர்துமேரி மட்டும் கைதட்டவில்லை. தினமும் புருஷனுக்குப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து மேஜையில் வைப்பவர் அவர். அஞ்சாம் நாள், அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடக்க ஜெபம் உண்டு, புத்தகத்தில் அம்பது வருஷமாக இருக்கிறது என்று இன்னாசிராஜ் சொன்னபோது லூர்துமேரி எழுந்து வெளியே போய்விட்டார். ஆறாம் நாள் பிளாஸ்க் வரவில்லை. மஞ்சள் சீட்டு யாருடையது என்று கிழவி கண்டுபிடித்துவிட்டாள், புருஷனை உஷார்ப்படுத்தப் போகிறாள் என்று ஆனி பயந்தாள். ஆனால் அவர் உஷாரானதாகத் தெரியவில்லை. மந்திரித்த நிலத்தில் வைக்கலாம், தாய் தகப்பனில் ஒருத்தர் விரும்பியிருந்தாலே போதும் என்று ஆறாம் நாளும் ஏழாம் நாளும் தாராளமாக அள்ளி விட்டார்.

எட்டாம் நாள் சீட்டு, கிறிஸ்தவ வாழ்க்கையில் இறையியலாளருக்கு என்ன வேலை, தெரிந்ததை மறைத்தால் அது பாவமா என்று கேட்டது. மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. படிக்காதவன் வழி தடுமாறும்போது விளக்குப் பிடிக்கத்தான் படித்தவன் இருக்கிறான், பிடிக்காமல் மறைத்தால் அதைவிடப் பெரிய பாவம் இல்லை என்றார். இதைவிடச் சுத்தமாக அவர் தலையில் அவரே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியாது என்று ஆனி நினைத்தாள். அன்றைக்கு வீட்டில் முதன்முதலாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மீன் குழம்பு வைத்தாள்.

ஒன்பதாம் நாள். கோவில் நிரம்பி, வெளியே பந்தலிலும் ஜனம் நின்றது. இன்னாசிராஜ் மஞ்சள் சீட்டைக் கடைசியாக எடுத்தார். பிரித்தார். மனசுக்குள் வாசித்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நேரமாயிடிச்சி. இதோட முடிச்சிக்கலாம்” என்றார்.

ஆனி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். “படிங்க சார். நீங்க போட்ட சட்டந்தான.”

நானூறு தலையும் திரும்பின. இன்ஜினியரைத் தேடியவர்கள் காண்டீன் ஆனியைப் பார்த்தார்கள். அப்போது லூர்துமேரி முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்குப் போனார், புருஷனின் பையிலிருந்து சீட்டை எடுத்தார், மைக்கில் தட்டுத் தடுமாறி வாசித்தார்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஆனியோட புள்ள சாகக் கெடந்தப்ப, இந்த எட்டுப் பதில்ல ஒண்ணுகூட ஒங்களுக்குத் தெரியாதா?”

பந்தலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. ஆனி இந்த நிமிஷத்தை ஆயிரம் தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் எதிலும் லூர்துமேரி கிடையாது.

“ஆனிக்கு அப்பறமா பதில் சொல்லுங்க” என்றார் லூர்துமேரி, சீட்டை மேஜைமேல் வைத்து. “எனக்கு மொதல்ல சொல்லுங்க. எண்பத்தாறுல நம்ம புள்ளயத் துணியில சுத்தி அதே செவுத்துக்கு வெளிய வச்சிட்டு வந்தீங்களே. ஜெபமே கெடையாதுன்னு சொன்னீங்களே. முப்பத்தெட்டு வருஷமா நான் அந்தப் புள்ளக்கி ஒரு மெழுகுவத்தி ஏத்தல. ஏத்துனா பாவம்னு நெனச்சிகினு இருந்தேன்.”

இன்னாசிராஜ் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பித்தான் பேசினார். ஆனாலும் மைக் பிடித்துக்கொண்டது. “அன்னிக்கிப் பெரிய ஃபாதர் சொன்னாரு. எதுத்துப் பேச எனக்குத் தைரியமில்ல மேரி.”

“சரி. இவ புள்ளக்கி?”

அவர் மேஜைமேல் இருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தார்.

“இவ புள்ளக்கி உண்டுன்னு சொல்லியிருந்தா, நம்ம புள்ளக்கி ஏன் இல்லன்னு நீ கேட்டிருப்பியே” என்றார். “இப்ப மைக்கு முன்னாடி ஒக்காந்தப்ப புஸ்தகந்தான் ஞாபகத்துக்கு வந்திச்சி, புள்ள வரல.”

ஆனிக்குப் பரிதாபம் வரவில்லை. வந்ததெல்லாம் புதுக் கோபம்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற அவள் பிள்ளையை அடிமண்ணாகப் போட்டிருக்கிறார் இந்த மனுஷன். விறுவிறுவென்று மேடைக்குப் போனாள். பக்கத்திலிருந்த ஃபாதர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. மறுநாள் முடிக்க வேண்டிய கல்லறை லிஸ்ட் ஃபைல் மேஜைமேல் இருந்தது. அதைத் திறந்து, கடைசிப் பக்கத்தை எடுத்து, பேனாவை இன்னாசிராஜ் கையில் திணித்தாள்.

“ஒங்க கையெழுத்துலயே இருக்கட்டும். நெடுமாறன். அப்பா பேரு கொளஞ்சிநாதன். செவுத்துக்கு வெளியன்னு தெளிவா எழுதுங்க.”

அவர் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக அவள் சரிபார்த்தாள். பிறகு விரலால் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினாள். இது அவள் போட்டுவைத்த திட்டத்தில் இல்லாதது.

“அடுத்தது ஒங்களுது. பேரு சொல்லிகினே எழுதுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

இன்னாசிராஜ் பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனார். பெயர் வைக்காத பிள்ளை அது. பெயர் கிடையாது என்று சொன்னவரும் அவர்தான். எந்தக் கேள்விக்கும் முழிக்காத மனுஷன் இதற்கு முழித்தார். கடைசியில் மனைவி முகத்தைப் பார்த்தார்.

“அலெக்சாண்டர்” என்றார் லூர்துமேரி, யோசிக்காமல். “தெனமும் கூப்பிட்டுகினுதான இருக்கேன். நீங்க வூட்ல இல்லாதப்ப.”

மகனின் பெயரை இன்னாசிராஜ் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார். எழுதத் தொடங்கியபோது முதல் எழுத்தே கோணிப்போயிற்று. அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னாள் ஆனி.