ஒன்பது விரல் மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம்

காசிராஜன் ஆசாரி நூலைப் பிரித்துப் பலகையில் நீட்டிப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நூல் குறையவில்லை.

"இது மாப்பிள்ள விரலோட அளவுங்கிறீக?"

"அவுக வீட்டுலருந்து வந்த நூலுதான்" என்றாள் ஜெபராணி.

ஆசாரி இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மோதிர அளவு பார்க்கும் கூம்புக் கம்பியில் மாட்டினார். நூல் வளையம் கம்பியின் அடிவரைக்கும் வழுக்கிக்கொண்டு போய், கைப்பிடியையும் தாண்டித் தரையில் விழுந்தது. முப்பது வருஷத் தொழிலில் கம்பியை இப்படி அவமானப்படுத்திய விரல் வேறு எதுவும் இல்லை என்றார். விரலில் கட்டினார்களா, வேறு எங்கேயும் கட்டினார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொன்னார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, செப்டம்பர் மாதம். ஜெபராணி எம். புதுப்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தகப்பனார் இல்லை. மாப்பிள்ளை சுந்தர்ராஜ் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சாபீஸில் மிஷின்மேன். மாப்பிள்ளைக்கு நிச்சய மோதிரம் பெண் வீட்டார் போட வேண்டும். அதற்கென்று இரண்டு வருஷமாகச் சேர்த்த எழுபது ரூபாயை ஜெபராணி கைக்குட்டையில் முடிந்துகொண்டு விருதுநகருக்கு வந்திருந்தாள். அரைப் பவுன், கூலி, சேதாரம், எல்லாம் அதற்குள். செய்த மோதிரம் சேராமல் போனால் அழித்துச் செய்ய இன்னொரு முடிச்சு கிடையாது. அதனால்தான் அளவு நூல் கேட்டு எழுதியிருந்தாள்.

இந்த நூலுக்குச் செய்வதென்றால் அரைப் பவுனை மீசை மயிர் மாதிரி இழுக்க வேண்டும் என்றார் ஆசாரி. போதாததற்குச் சர்க்கார் அந்த வருஷம்தான் பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாதென்று சட்டம் போட்டிருந்தது. யாருக்கோ செய்து வைத்திருந்த பதினாலு காரட் மோதிரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். மஞ்சள் காமாலைக்காரன் பத்தியத்துக்குப் பிறகு தேறியது போல ஒரு நிறம்.

"இதுதான் சர்க்கார் தங்கம். இதப் போட்டுக்கிடுறதுக்குக் குத்துவிளக்கு மூக்க அறுத்து மாட்டிக்கிடலாம்" என்று சொல்லி, நூலைச் சுருட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது ஜெபராணி அந்த நூலைத் தன் விரலில் சுற்றிப் பார்த்தாள். இரண்டு சுற்று போய் மிச்சமும் தொங்கியது. சுந்தர்ராஜை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், பெண் பார்க்க வந்தபோது, இருபது நிமிஷம். வலது கையால் காராச்சேவு சாப்பிட்டான். இடது கையில் காப்பி டம்ளர். டம்ளரின் விளிம்பில் இருந்த நெளிவு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதைப் பிடித்திருந்த விரல் நினைவில்லை. ஆனால் முருங்கைக்காய் பருமனில் விரல் இருந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் வெடிக் கம்பெனியில் குழாய் சுருட்டுகிறவள். இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பசை போட்டு உருவினால் குழாய். கம்பி எவ்வளவோ, ஓட்டையும் அவ்வளவுதான், மயிரிழை பிசகாது. அவள் ஐந்து அளவில் ஐந்து குழாய் கொண்டுவந்து கொடுத்தாள். எது ஏறுகிறதோ அதைத் திருப்பி அனுப்பட்டும் என்பது யோசனை. லோடு ஏற்றிய வண்டியோடு சிவகாசிக்குப் போகிற அன்றைக்குத் தானே நேரில் கொடுத்து வாங்கி வருவதாகவும் சொன்னாள். ஆள் எப்படி என்று பார்க்க அவளுக்கும் ஆசைதான்.

ஐந்து குழாயும் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். 'கர்த்தருக்குள் அன்பான டீச்சர் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பிய குழாய்களில் ஒன்றும் ஏறவில்லை. மோதிரம் இல்லாமல் நிச்சயம் செய்துகொள்ள வேதத்தில் தடை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. தாங்களும் ஒருமுறை வாசித்துப் பார்க்கவும்.'

சின்னத்தாய் கொண்டுவந்த சேதி கடிதத்தைவிட நீளம். குழாயை அவன் வலது கையால்தான் வாங்கினானாம். இடது கையைத் துண்டால் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தானாம். அந்தப் பக்கத்தில் ஒருவன் கையை மறைத்தால் ஊரார் வைத்தியரைக் கேட்கமாட்டார்கள். விரலை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். வெடிக்கு அச்சாபீஸில் வேலை இல்லை என்றாலும், காகிதம் வெட்டுகிற கட்டிங் மிஷின் இருக்கிறதே.

அன்று சாயங்காலம் புதுப்பட்டியில் சுந்தர்ராஜுக்கு ஒரு விரல் போயிற்று. மறுநாள் சேதி மல்லாங்கிணற்றை எட்டியபோது மூன்று விரல். வெம்பக்கோட்டைக்குப் போவதற்குள் முழங்கை வரைக்கும் போய்விட்டது. அங்கே இருந்த சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவனுக்காக விசேஷ ஜெபம் ஏறெடுத்து, மரக்கை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தும் எழுதினார்கள்.

ஜெபராணியின் அம்மா இன்பம் கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள்.

"விரலு போனதுல குத்தமில்ல. நம்மகிட்டச் சொல்லாம மறைக்காகள்ல, அதான் குத்தம். இதயே மறைக்கிற ஆளு நாளைக்கு எத மறைப்பாகளோ. திங்கக்கிழமை வச்சிருக்கிற நிச்சயம் வேணாம்னு சொல்லி விட்டுருவோம்."

ஜெபராணிக்கு வேறொரு கணக்கு இடித்தது. "இல்லாத விரலுக்கு எப்படிம்மா இம்புட்டு நூலு?"

சனிக்கிழமைக்குள் விடை தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் நிச்சயம் இல்லை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலையில் ஜெபராணி குடையை எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினாள். கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணமும் கையில் இருந்தது: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசுச் சீட்டு அச்சடிக்க விலை விசாரிக்க வேண்டும்.

அச்சாபீஸில் காலண்டர் சீசன். ஒரு பெரிய மிஷின் நொண்டிக் குதிரை போல 'தடக், தடக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டில் சணல் கயிறு கட்டியிருந்தது. அதன் முன்னால் ஃபோர்மேன் பெத்தணன் தலையில் கை வைத்து நின்றார். ஜெர்மன் மிஷின் என்றும், பன்னிரண்டு நாளாக அதன் நட்டு ஒன்றைக் காணோம் என்றும், அந்த நட்டு இல்லாததால் ஒவ்வொரு கலரும் ஒரு நூல் அளவு நகர்ந்து விழுகிறது என்றும், கேட்காமலே டீச்சரிடம் சொன்னார். கம்பியில் காய்ந்துகொண்டிருந்த சரஸ்வதி படங்களைக் காட்டினார்.

"பாத்தீகளா? ஒதட்டுச் செவப்பு கன்னத்துல விளுகுது. வாங்குறவன் என்ன நெனைப்பான்?"

மிஷினுக்குப் பின்னால் இருந்து சுந்தர்ராஜ் வந்தான். டீச்சரைப் பார்த்ததும் நின்றான். இடது கை துண்டுக்குள் இருந்தது. காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த பக்கமாக ஜெபராணி நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் முக்கால் மணி நேரம் யோசித்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் எல்லாம் மறந்து, வகுப்பில் வருகிற குரல்தான் வந்தது.

"கைய நீட்டுங்க."

சுந்தர்ராஜ் இரண்டு கையையும் நீட்டினான். அவள் துண்டைப் பிரித்தாள். பிள்ளைகளின் தலையை எண்ணுகிற மாதிரி, உதடு அசைய எண்ணினாள். ஐந்து விரல். நான்காவது விரலின் அடியில் ஆறு மூலைப் பித்தளை நட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இது என்னது?"

"நட்டு, டீச்சர்."

"அது தெரியுது."

அவன் ஆதியோடு அந்தமாகச் சொன்னான். பெண் வீட்டில் ஒரே ஒரு மோதிரத்துக்குத்தான் பணம் இருக்கிறது, அளவு தப்பினால் டீச்சர் பாடு கஷ்டம் என்று பெண் பேசிய பெரியவர் சொல்லியிருந்தார். நூலோ ஈரத்தில் சுருங்கும், இழுத்தால் நீளும். நட்டுக்கு நம்பர் உண்டு. எந்த நட்டு விரலுக்குச் சேருகிறதோ அந்த நம்பரை எழுதி அனுப்பினால் ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம். மிஷினில் நாலைந்து நட்டைக் கழற்றிப் போட்டுப் பார்த்ததில் இது கச்சிதமாக ஏறியது. இறங்க மறுத்துவிட்டது. சோப்பு, விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், மிஷின் கிரீஸ் என்று வரிசையாகப் போட்டதில் விரல் வீங்கியதுதான் லாபம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், விரலைக் கழற்றுவது சுலபம், வேண்டுமா என்று கேட்டார். டீச்சர் நூல் கேட்டு எழுதியபோது பொய்யான அளவு கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. நட்டுக்கு மேலேயே கட்டிக் கொடுத்துவிட்டான்.

"எங்ககிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"ஃபோர்மேன் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா வேல போயிரும். ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க போயிருவீக. ரெண்டுல எது பெருசுன்னு யோசிச்சுக்கிட்டே பன்னெண்டு நாளு ஓடிருச்சு."

"எது பெருசு?"

"வேல வேற கெடைக்கும், டீச்சர்."

ஜெபராணி துண்டை எடுத்து, பிரித்ததைவிட நேர்த்தியாகச் சுற்றி விட்டாள். பன்னிரண்டரை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் விருதுநகர் போனார்கள், பஸ்ஸில் அவள் முன்பக்கமும் அவன் பின்பக்கமுமாக.

காசிராஜன் ஆசாரி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நூலின் மேல் சுமத்திய பழிக்காக நூலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இப்படியே ரம்பம் வைத்தால் எலும்புக்குப் போய்விடும். முதலில் மூலைகளை அரத்தால் தேய்த்து, மெலிசாக்கி, அப்புறம் நறுக்கலாம் என்றார். கை ஒரு மரக்கட்டையில் ஏறியது. அரம் ஓட ஓட நட்டு சூடேறும். உடனே சொம்புத் தண்ணீரில் முக்குவார். 'சுர்' என்று ஆவி கிளம்பும். மூன்றாம் சொம்பில் தண்ணீர் கொதித்துவிட்டதால் ஆசாரியின் சம்சாரம் அதையே வாங்கிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். காப்பி நன்றாகவே இருந்தது.

ஆறு மூலையும் போய் விளிம்பு உருண்டதும், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஆசாரி துணியால் ஒரு தேய் தேய்த்தார். அவர் கை அப்படியே நின்றது. எழுந்து போய், அந்தப் பதினாலு காரட் மோதிரத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தது போல இருந்தன. பெட்டிக்குத் திரும்பப் போக வேண்டியது எது என்று அவரே ஒரு கணம் தடுமாறிவிட்டு, கத்தரியை எடுத்தார்.

"வெட்டாதீக" என்றாள் ஜெபராணி.

"வெட்டாம எப்படித் தாயீ எறங்கும்?"

"எறங்க வேணாம். இதுதான் மோதிரம். இதுக்கு எம்புட்டு?"

ஆசாரி சுந்தர்ராஜைப் பார்த்தார். சுந்தர்ராஜ் விரலைப் பார்த்தான். தங்கத்துக்கு விலை சொல்லலாம், நட்டுக்கு எந்த மார்க்கெட்டில் போய்க் கேட்பது என்றார் ஆசாரி. கடைசியில் அரம் தேய்ந்த கூலி என்று இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

புதுப்பட்டி வீட்டில் இன்பம் அவன் கையைப் பிடித்து, விரலை இரண்டு தடவை எண்ணிவிட்டு, "கேட்டதும் சொன்னாகளா?" என்றாள்.

"கைய நீட்டுங்கன்னேன். நீட்டிட்டாக."

இன்பம் மாப்பிள்ளைக்கு இலை போட்டாள்.

திங்கட்கிழமை கோயிலில் கூட்டம் கொள்ளவில்லை. வெம்பக்கோட்டையிலிருந்து மட்டும் இரண்டு மாட்டு வண்டி. சுந்தர்ராஜ் இடது கையைப் பைபிளோடு சேர்த்து வெள்ளைக் கைக்குட்டையால் மூடியிருந்தான். வெம்பக்கோட்டைக்காரர்கள் அந்தக் கைக்குட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

போதகர் மோதிரத்தைக் கேட்டார். ஜெபராணி மூடிய கையை நீட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. போதகர் வயதானவர், கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபம் பண்ணுகிறவர். மூடிய கைக்குள் இருந்த காற்றை அவர் முறைப்படி ஆசீர்வதித்தார். அவள் அந்தக் கையைக் கைக்குட்டைக்குள் விட்டு, ஏற்றுவது போல இரண்டு திருகு திருகிவிட்டு, கைக்குட்டையை உருவினாள்.

முதலில் எல்லாரும் விரலை எண்ணினார்கள். ஐந்தும் இருந்தன. முழங்கையும் இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து "ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல் வந்தது, ஜெபம் பண்ணியது அவர்கள்தானே. அதற்குப் பிறகுதான் மோதிரம் கண்ணில் பட்டது.

ஆராதனை முடிந்ததும் சுந்தர்ராஜின் அம்மா கையை நீட்டினாள். "களட்டிக் குடுய்யா. சனங்க பாக்கட்டும்."

கழற்றி எல்லார் கையிலும் கொடுத்து வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். ஜெபராணி தரையைப் பார்த்தாள். பின்வரிசையில் காசிராஜன் ஆசாரிக்கு இருமல் வந்தது.

சுந்தர்ராஜ் சொன்னான்: "ஏறுனது ஏறுனதுதாம்மா. உசுரு இருக்கிற வரைக்கும் களட்டுறதா இல்ல."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெண்கள் பகுதியில் பாதிப் பேர் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். அம்மாக்காரி குனிந்து, விரலோடு வைத்தே பார்த்தாள்.

"வெளுத்துத்தான் கெடக்கு. சர்க்கார் தங்கம், வேற எப்படி இருக்கும்" என்று நிமிர்ந்தாள். "ஆனா கனமாப் போட்டுருக்காக."

மறுநாள் சுந்தர்ராஜ் பெத்தணனிடம் போய்க் கையை நீட்டினான். நீட்டுவது அவனுக்கு இப்போது பழகியிருந்தது. பெத்தணன் அதைத் திருகிப் பார்த்தார், இழுத்தும் பார்த்தார். பிறகு பம்பாய் ஏஜெண்டுக்குத் தந்தி கொடுத்து, கப்பலில் வருகிற புது நட்டுக்கு விலை கேட்டார். அறுபத்தெட்டு ரூபாய் என்று பதில் வந்தது. கைக்குட்டை முடிச்சில் இருந்ததும் அறுபத்தெட்டுதான். ஜெபராணி மணியார்டர் செய்துவிட்டு, அன்றைக்கு வாய்ப்பாடு வகுப்பைக் கொஞ்சம் அதிக உற்சாகமாகவே நடத்தினாள்.

நட்டு வந்து சேர நாலு மாசம் ஆயிற்று. அதற்குள் மிஷின் நாற்பதாயிரம் சரஸ்வதியை அடித்துத் தள்ளியிருந்தது. வாங்கினவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை, இந்த வருஷம் முகம் நல்ல களை என்றே சொன்னார்கள். அறுபத்து நாலாம் வருஷத்துக் காலண்டர் உங்கள் வீட்டுச் சுவரில் எங்கேயாவது தொங்கினால் எடுத்துப் பாருங்கள். கன்னம் சிவந்திருந்தால், அது நம் டீச்சர் வாங்கிய மோதிரத்தால் வந்த சிவப்பு.