கிராதிக்கு உள்ளே ஓர் ஆண்குரல்

மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் என் குழலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். உத்தரவு, ஆயரின் பேரில் மடங்களைக் கண்காணிக்கும் விகாரியார் பெரோந்தினியுடையது. மடத்துக் கன்னியர் கன்னம் புடைக்கப் பித்தளை ஊதுவது அடக்கத்துக்கு அழகில்லையாம். எங்கள் ஃபெர்ராரா ஊர் ஜனங்கள் பூசை முடிந்தும் கலையாமல் நின்று கேட்ட டிராம்போன் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில், எங்களை வெளியாரிடமிருந்து பிரிக்கும் கிராதி வழியாகக் கையை விட்டு அவர் தொப்பியை இழுத்திருப்பேன். எட்டவில்லை.

மனுஷர் அதோடு விட்டாரா?

"நாளைக்குப் பூசைக்கு நானே வந்து உட்காருவேன். பாட்டு ஒழுங்கா இருந்தாச் சரி. இல்லேன்னா இந்த நாலு குரல் கூத்தெல்லாம் நாளையோட முடிஞ்சுது. எல்லாரும் ஒரே குரல்ல ஜெபம் சொன்னாப் போதும்."

பாடகர் குழுவின் தலைவி லவுதோமியா அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கான பாட்டை எழுதியவள் அவள். நான்கு குரலுக்கு நான்கு புத்தகம். ஒன்றில் இருப்பது மற்றதில் இராது. மேலே உள்ள மூன்றையும் நாங்கள் பெண்களே பாடிவிடுவோம். அடிக்குரல் பாட ஆணுக்கு எங்கே போவது? அதைத்தான் என் குழல் பார்த்துக்கொண்டிருந்தது. அது இல்லாமல் பாடினால் தரை போடாத வீட்டில் நடக்கிற கதைதான்.

"எல்லாத்தையும் மேல ஏத்தி, அடிக்குரலையும் நாமளே பாடிட்டா என்னக்கா?" என்றேன்.

"ஏத்தலாம். அப்புறம் உச்சிக்குரல் பாடுற கமில்லாவைத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும்."

இருவரும் ஒரே நேரத்தில் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஓர்சினா நின்றுகொண்டிருந்தாள். கொமாக்கியோ ஊரில் விலாங்கு மீன் பிடிப்பவரின் மகள். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து வாயை மட்டும் அசைப்பாள், சத்தம் வராது. லவுதோமியா அக்கா போட்ட கட்டளை அது. அவள் குரல் அப்படி: கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கிராதிக்கு வெளியே கேட்டால் உள்ளே ஆண் இருக்கிறான் என்பார்கள். ஆண் நுழையக் கூடாது என்ற கட்டுக்காவலை மீறியதாக மடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

"ஓர்சினா, வேற வழியில்ல, நாளைக்கு வாயைத் திறக்கிறியாம்மா?" அக்கா கெஞ்சினாள்.

"திறப்பேன். அப்புறம் மூடச் சொல்லக் கூடாது."

என் அடிக்குரல் புத்தகத்தை அவள் கையில் கொடுக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அவளோ புத்தகத்தைத் திறக்காமலே பாட்டின் நடுப்பகுதியை முணுமுணுத்துக் காட்டினாள். எத்தனை ஒத்திகை கேட்டிருப்பாள்!

"இந்த இடத்துல நீங்க எப்பவும் மூச்சை விட்டுடுவீங்கக்கா. நான் விடமாட்டேன்."

திமிரைப் பாருங்கள்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. பீடத்துக்குப் பின்சுவரில் கிராதி. அதற்கு இந்தப் பக்கம் திரை. திரைக்குள்ளே நாங்கள், வேர்த்து ஒழுகிக்கொண்டு. கமில்லா முதலில் எடுத்தாள். அடுத்த குரல் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது, அதை மூன்றாவது துரத்தியது. அடுத்து ஓர்சினா நுழைய வேண்டும். என் உதடு தானாகவே குவிந்தது.

நுழைந்தாள்.

ஐயோ, அதை எப்படிச் சொல்ல! என் காலுக்குக் கீழே இருந்த பலகை அதிர்ந்தது. மேலே மூன்று குரலும் அதுவரை பயந்து பயந்து பாடியவை, சட்டென்று தோளை நிமிர்த்திக்கொண்டன. கமில்லா ஏறாத உயரமெல்லாம் ஏறினாள். லவுதோமியா அக்கா தாளம் போடும் கையை மறந்து அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் ஒருத்தியும் தாளம் தப்பவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பொறாமை போன இடம் தெரியவில்லை.

கடைசி நாதம் அடங்குவதற்குள் கிராதியைத் தடியால் தட்டும் சத்தம்.

"உள்ள ஆம்பளை இருக்கான்! கதவைத் திறங்க!"

கோயிலே கொந்தளித்தது. மடத்தலைவி அம்மா சாவியோடு ஓடினாள். விகாரியார் உள்ளே வந்த வேகத்தில் ஆர்கனுக்குப் பின்னால் பார்த்தார், உடை அலமாரியைத் திறந்தார், திரையை உதறினார். ஒரு பூனை ஓடியது.

"எங்க அவன்?"

"அவன் இல்ல சாமி, அவ," என்றேன் நான். "பூனையையும் விசாரிச்சிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"வாயை மூடு, ஃபுல்வியா!" அம்மா என்னைக் கிள்ளினாள்.

ஓர்சினா முன்னால் வந்து நின்றாள். அவர் தோள் உயரம்கூட இல்லை. விகாரியார் நம்பவில்லை.

"என் கண்ணு முன்னால பாடு. வாய் அசையறது எனக்குத் தெரியணும்."

நான் புத்தகத்தை அவள் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் தொடங்கினாள். அடிக்குரலைத் தனியாகக் கேட்டவருக்குத்தான் தெரியும் அந்த வேதனை: ஒரு தாவல், ஒரு நிற்பு, மறுபடி ஒரு தாவல். மேலே என்ன நடக்கிறது என்று மனசு பறக்கும். விகாரியார் சிறுவயதில் பேராலயத்தில் பாடியவராம், அப்போது எங்களுக்குத் தெரியாது. முதலில் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புருவம் உயர்ந்தது. பிறகு அவருடைய விரல் தடியின் மேல் தாளம் போட்டது.

"இதுக்கு மேல என்ன வருது?" என்றார், பொறுக்க முடியாமல்.

லவுதோமியா அக்கா உச்சிக்குரல் புத்தகத்தை நீட்டினாள். மனுஷர் வாங்கினார். கண்ணை இடுக்கினார். பாடினார்! கள்ளக்குரலில், நூல் மாதிரி மெல்லிசாக. கீழே பெண், மேலே ஆண். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்ற இரண்டு குரலையும் எடுத்தோம். எங்கள் பாட்டு முழுசாக எழுந்து நின்றது.

கிராதிக்கு வெளியே ஒரு கிழவி சொன்னது எல்லாருக்கும் கேட்டது:

"அந்த ஆம்பளைக் குரல் அருமை. மேல பாடுற பொண்ணுதான் பாவம், இன்னும் பழகணும்."

விகாரியார் முகம் தக்காளியானது. தொப்பியைச் சரிசெய்தார். ஆயரிடம் போய் என்ன சொல்வார்? ஆணைக் கண்டேன் என்றால் பொய். பெண் இப்படிப் பாடுகிறாள் என்றால் ஆயர் நம்பமாட்டார். தானும் சேர்ந்து பாடினேன் என்று சொல்லவே முடியாது.

"நாலு குரல் பாட்டு இருக்கட்டும்," என்றார். "இந்தப் பொண்ணு பாடட்டும். பித்தளை மட்டும் கூடாதுன்னா கூடாதுதான்."

எல்லாரும் ஓர்சினாவைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். நான் குதிக்கவில்லை. பாட்டு பிழைத்துக்கொண்டது, என் குழல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். எனக்கோ காக்கைக் குரல்.

"அக்கா, புத்தகத்தைப் பிடிங்க. ஜனங்க போகாம நிக்கிறாங்க, இன்னொரு தரம் பாடணுமாம்," என்றாள் ஓர்சினா.

பிடித்தேன். நான்கு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. இத்தனை வருஷம் ஊதியபோது என் காதில் என் சத்தம்தான் நிறைந்திருந்தது. லவுதோமியா அக்கா எழுதிய பாட்டு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.