உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

செத்தவீட்டு வீடியோவைத் திருப்பி வாங்க யாரும் வருவதில்லை. கல்யாண வீட்டுக்காரர் மூன்றாம் நாளே வந்து நின்று, பெரிய மாமியை ஏன் வெட்டினாய் என்று சண்டை பிடிப்பார்கள். செத்தவீட்டுக்காரர் அப்படியில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் அன்றைக்கே நேரலையில் பார்த்து அழுது முடித்துவிடுவார்கள். இங்கே இருக்கிற உறவுகளோ, அந்தப் பதிவை வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடாது என்பார்கள். அது ஸ்டூடியோ அலுமாரியிலேயே கிடக்கும். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் பதினேழு வருஷமாக ஸ்டூடியோ நடத்தும் லதீசனுக்கு இது பழகிப்போன சங்கதி. அந்தப் பழக்கம்தான் அவனைக் கெடுத்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, உப்புவெளி குணேஸ்வரியின் ஒரே மகன் ரஜீவன் வந்து கதிரையில் இருந்தான். கனடாவில் இருந்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்திருக்கிறான். தாய் இறந்தது இரண்டாயிரத்து இருபத்தொன்றில். அப்போது அவனுக்கு அங்கே வதிவிட அனுமதி கிடைத்திருக்கவில்லை, வர ஏலாது. லதீசன் எடுத்துப் போட்ட நேரலையை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் போனை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து லதீசனுக்கு அழைத்து, அதைப் பத்திரமாக வைத்திருக்கும்படியும், ஒருநாள் தான் வந்து அம்மாவின் வீட்டில் இருந்தே முழுவதும் பார்க்கப்போவதாகவும் அழுதழுது சொன்னான். லதீசன் ஓம் என்றான். அழுகிறவனிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

பிறகு ஒவ்வொரு வருஷமும் தாயின் திவசத்துக்கு ரஜீவனிடமிருந்து ஒரு செய்தி வரும். வீடியோ இருக்குத்தானே என்று கேட்டிருப்பான். பத்திரமாக இருக்கிறது என்று லதீசன் பதில் போடுவான். முதல் தடவை போட்டது உண்மை. மற்றவை பொய்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு வரிசையில் நின்றது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. புதிய ஹாட் டிஸ்க் ஒன்று கொழும்பிலும் கிடைக்கவில்லை. ஆனாலும் கல்யாணங்கள் நிற்கவில்லை. ஆவணியில் மட்டும் ஏழு கல்யாணம். லதீசன் அலுமாரியைத் திறந்து, யாரும் திருப்பிக் கேட்காத செத்தவீடுகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக அழித்தான். குணேஸ்வரி இருந்த டிஸ்க்கில் நிலாவெளிப் பெண் ஒருத்தி தாலி கட்டிக்கொண்டாள். மகன் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அழித்து மூன்றாம் நாள்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரமாட்டான் என்று நினைத்தான்.

இப்போது வந்து இருக்கிறான். கையில் ஒரு பை வறுத்த கச்சான் கடலை வேறு, அண்ணைக்கு என்று.

எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி லதீசன் உள் அறைக்குப் போனான். அலுமாரியைத் திறந்தான். அடித்தட்டில், துணியில் சுற்றி, ஒரு கறுப்பு டிஸ்க் கிடந்தது. அது அவனுடைய மனைவி தனுஷிகாவுடையது. இல்லை, தனுஷிகாவே அதற்குள்தான் இருந்தாள். ஐந்து நாள் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தது இரண்டாயிரத்துப் பதினெட்டில். அவள் போய் ஒரு கிழமையில் அந்த டிஸ்க்கும் திறக்க மறுத்துவிட்டது. ஊர்க் கல்யாணத்தை எல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைக்கிறவன், தன் வீட்டுக்காரியை ஒரு பிரதியோடு விட்டிருந்தான். கொழும்பில் காட்டினான், உயிர் இல்லை, எறிந்துவிடுங்கள் என்றார்கள். எறிய மனம் வரவில்லை.

திறக்காத டிஸ்க் என்று அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். மேசையில் கிடந்த வெள்ளைத் தாளில் ‘குணேஸ்வரி, உப்புவெளி’ என்று எழுதி, அதன்மேல் ஒட்டினான். கெட்ட காரியம் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தான். திறக்காததைக் கண்டால் மனதைத் தேற்றிக்கொண்டு போய்விடுவான், தானும் அப்படித்தானே தேற்றிக்கொண்டேன் என்று நினைத்தான்.

ரஜீவன் கதிரையைக் கணினிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். லதீசன் வயரைச் செருகினான். டிஸ்க் இரண்டு தரம் டொக், டொக் என்றது. உள்ளே இருப்பதை வாசிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவா என்று திரையில் கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினான். வயரை மாற்றினான். முன்பக்கத்துத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் செருகினான். மடிக்கணினியில் போட்டுப் பார்த்தான். டிஸ்க்குகளின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, பெயருமில்லாமல் அளவுமில்லாமல் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் தெரிந்தது.

இதையெல்லாம் நடிப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. தனுஷிகாவுக்காக அன்றைக்கு என்னென்ன செய்தானோ அதையேதான், அதே ஒழுங்கில், அதே பயத்தோடு செய்தான். திறந்தால் பொய் வெளுத்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு தடவை செருகும்போதும், திறந்துவிடு என்றுதான் மனம் கேட்டது. திறக்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உப்புக்காத்து, தம்பி. கடல் கிட்ட. சாமான் ஒண்டும் நிக்காது” என்றான்.

பாவம் அந்தக் காற்று. கொட்டியாரக் குடாவில் இருந்து தன் பாட்டில் வந்து போகிற காற்று. வாய் இருந்தால் கேட்டிருக்கும்.

ரஜீவன் கோபப்படவில்லை. லதீசனுடைய கலங்கின கண்ணைப் பார்த்துவிட்டு, அவனுக்கே ஆறுதல் சொன்னான். தன்னுடைய பொருள் போனமாதிரிக் கவலைப்படுகிறீர்களே, உங்களில் பிழை இல்லை என்றான். பிறகு, லதீசன் கொஞ்சமும் எதிர்பாராததைக் கேட்டான்.

“தாங்கோ அண்ணை. நான் அங்க கொண்டுபோய்க் காட்டிப் பாக்கிறன்.”

லதீசனின் கை டிஸ்க்கை விடவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? அதில் ஒட்டியிருப்பது ரஜீவனுடைய தாயின் பெயர்; ஒட்டினவனும் தான்தான். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். ரஜீவன் அதைக் கைலேஞ்சியில் சுற்றி, சேட்டுப் பைக்குள் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டு வீதியில் இறங்கினான். மாவு லொறி ஒன்று போகும்வரை காத்து நின்று, பொத்தின கையை எடுக்காமலே வீதியைக் கடந்தான். அன்றைக்கு லதீசன் மத்தியானமே ஸ்டூடியோவைப் பூட்டினான். அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த வெறும் துணியை மடித்து வைக்கவும் அவனால் முடியவில்லை.

நாலு மாதம் கழிந்தது. ஒருநாள் பின்னேரம் ஆறு மணிக்கு, லிங்கநகர்க் கல்யாண வீடியோ ஒன்றை வெட்டிக்கொண்டு இருந்தபோது, போனில் ரஜீவனின் குரல்பதிவு ஒன்றும் ஒரு வீடியோவும் வந்து விழுந்தன. குரல்பதிவை முதலில் கேட்டான்.

“அண்ணை, இஞ்ச திறந்திட்டாங்கள். உள்ளுக்க ஏதோ உடைஞ்சதாம், மாத்திப் போட்டவங்கள். ஆனா அது அம்மான்ர இல்லை. ஆரோ ஒரு அக்கா. எல்லாம் வீட்டு வீடியோ. எடுத்தவர் ஒரு இடத்திலயும் முகம் காட்டேல்லை. லேபிள் மாறிப் போச்சு போல. அந்தச் சனமும் தேடிக்கொண்டிருக்கும், ஆரெண்டு பாத்துக் குடுத்துவிடுங்கோ. மிச்சத்தை வாற ஆக்களிட்ட அனுப்புறன். அப்ப அம்மான்ர உங்கட அலுமாரியிலதான் இருக்கும். ஆறுதலாத் தேடுங்கோ.”

லதீசன் வீடியோவைத் தொட்டான். குசினி. தனுஷிகா பலகையில் குந்தி இருந்து தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள். நெற்றியில் ஒட்டின மயிரைப் புறங்கையால் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, கெமராவை வைச்சிட்டு வந்து இதைத் துருவுங்கோ. ஊரெல்லாம் படம் பிடிச்சது காணாதெண்டு இஞ்சயும்.”

எட்டு வருஷமாகக் கேட்காத குரல். அவன் சிரித்தான், சிரித்தபடியே மேசையில் தலையை வைத்து, சத்தம் போட்டு அழுதான். எவனுடைய தாயை அழித்தானோ, அவனே இவளைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறான். ஆரோ ஒரு சனத்துக்குக் குடுங்கோ என்று வேறு சொல்கிறான். நல்லவனுடைய கையால் வாங்குகிற அடி இப்படித்தான் விழும்.

தேடுகிறேன் என்று ஒரு சொல் எழுதினால் போதும். அலுமாரி நிறைய டிஸ்க் இருக்கிறது, சாகும்வரை தேடலாம். ஒரு பொய்யை மூட ஒன்பது பொய் என்பார்கள்; அவனிடம் இன்னும் ஐந்தாறு மிச்சம் இருந்தது. அந்தச் சொல்லை எழுதியும் விட்டான். அனுப்பப் போகும்போது தனுஷிகாவின் முகம் திரையில் நின்றது. அவன் எழுதினதை அழித்துவிட்டு நேரே அழைத்தான். ரஜீவனுக்கு அங்கே காலை நேரம். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு இருந்தான்.

“தம்பி, அந்த அக்கா என்ர மனுசி. லேபிள் மாறேல்லை, நான்தான் ஒட்டினனான். உங்கட அம்மான்ர வீடியோவை நான் அழிச்சிட்டன். அதுக்கு மேல கல்யாணம் ஒண்டு எடுத்தனான். இனி எங்கயும் இல்லை.”

மற்றப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. லதீசன் ஏச்சுக்காகக் காத்திருந்தான். ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ரஜீவன் ஏசவில்லை.

“நீங்கள் கிட்ட நிண்டு எடுத்தனீங்கள்தானே அண்ணை” என்று கேட்டான். “அம்மான்ர முகம் எப்பிடி இருந்தது?”

லதீசன் கண்ணை மூடிக்கொண்டு தேடினான். அன்றைக்கு வெளிச்சம் காணாமல் இருந்தது ஞாபகம் வந்தது. கெமராவின் பற்றரி குறைந்து சிவப்புக் காட்டியது வந்தது. யாரோ பிடித்த குடை, படத்துக்குள் விழுகிறது என்று ஓரமாகத் தள்ளச் சொன்னது வந்தது. பெட்டியும் பூவும் வந்தன. முகம் வரவில்லை. நித்திரை கொள்ளுகிற மாதிரி இருந்தார் என்று எல்லாச் செத்தவீட்டிலும் சொல்வார்கள். அது நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழித்திருக்கும்.

“ஞாபகம் இல்லை, தம்பி” என்றான்.