ஓயுகிக்குப் பதில் புதைத்த காய்

இப்போதெல்லாம் செத்தவர்கள்கூடச் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்பது ஒபியேரோவின் குறை. முன்பெல்லாம் ஒருவனை அழுது, மொட்டையடித்து, மாட்டை அறுத்துப் புதைத்துவிட்டால் அடங்கிக் கிடப்பான். அவருடைய தம்பி ஓயுகி, புதைத்துப் பல வருஷம் ஆன பிறகு, ஒரு சந்தை நாளில் பெட்டியோடு மட்டாட்டு வேனிலிருந்து இறங்கி வந்தான். நடத்துநரோடு சண்டை வேறு.

ஓயுகி நாவல் எழுதுகிறவன். ஒபியேரோ ஏரியில் வலை வீசித்தான் அவனைப் படிக்க வைத்தார். முதல் நாவலில் ஏரிக்கரை ஜனங்களை எழுதினான். வெளிநாட்டில் பரிசு கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்ததால் ஏரிக்கரை ஜனங்கள் யாரும் படிக்கவில்லை. இரண்டாவதில் ஒரு மந்திரியின் கார் டிரைவரை எழுதினான், ஜெயிலில் போட்டார்கள். மூன்றாவதைப் பாதியில் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஓடினான். கனடாவில் பனிக்குள் ஏதோ கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறான் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றது. ஆளைத் தீர்த்துவிட்டதாக ரேடியோவில் வந்ததென்று ஒருவர் சொன்னார். அவருக்கு இன்னொருவர் சொல்லியிருந்தார்.

மகனை ஊர் மண்ணில் கிடத்தாமல் கஞ்சி குடிக்கமாட்டேன் என்று தாய் அகேயோ படுத்துவிட்டாள். உடம்பு வரவில்லை. ஏரி விழுங்கியவர்களுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். வீடு கட்டாத ஆண்பிள்ளையைப் புதைக்கக் கூடாதென்பதால் முதலில் ஒரு குடிசை போட்டார்கள். உடம்புக்குப் பதிலாக ஒரு யாகோ காய், மரத்தில் சுரைக்காய்போல் நீளமாகத் தொங்குவது, கைக்குழந்தை கனம், ஒபியேரோவே பார்த்துப் பறித்தது. அதை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். அந்த வாரமே, கனடாப் பனியில் ஓயுகியின் பேனா தாளில் பிடிக்காமல் போயிற்று. எந்தப் பேனாவை எடுத்தாலும் கீறல் விழுந்தது, எழுத்து விழவில்லை.

குழியிலிருந்து யாகோ மரம் முளைத்தது. அடுத்த மழைக்கே காய்த்தது. காய்களின் தோலில் எழுத்துகள் இருந்தன, வரி வரியாக, ஊர்ப் பாஷையில். பள்ளிக்கூட டீச்சர் நெரியா படித்துப் பார்த்து, இது ஓயுகியின் அடுத்த நாவல் என்றாள். ஒரு காய்க்கு ஓர் அத்தியாயம். சாயங்காலமானால் கண் மங்கிய அகேயோ மரத்தடியில் பாயைப் போட்டு உட்காருவாள். நெரியா காயைத் தடவித் தடவிப் படிப்பாள். கிழவி கஞ்சி குடிப்பாள், சிரிப்பாள், மூக்கைச் சிந்துவாள். ஒபியேரோ மட்டும் நம்பவில்லை. மழைக்காலத்தில் தோல் வெடிப்பது சகஜம், டீச்சரம்மா தன் மனசில் இருப்பதைப் படிக்கிறாள் என்றார்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஓயுகி கள்ளி வேலியின் படலுக்கு வெளியே வந்து நின்றான். ஒபியேரோ படலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான்தான்."

"யாரா வேணா இரு. என் தம்பி உள்ள கெடக்கான்."

"அது காய்ண்ணே."

"நான் மொட்ட அடிச்சது காய்க்கா? அம்மா தொண்ட கட்டுற வரைக்கும் கத்துனது காய்க்கா?"

புதைபட்டவன் திரும்பி வந்து வாசலைத் தாண்டினால் அந்த வீட்டின் மூத்த உயிர் அவன் குழிக்குப் போகும் என்பது பெரியவர்கள் சொன்னது. ஓயுகிக்கும் தெரியும். கல்லூரியில் பாடம் சொன்னவன், சிரித்தான்.

"இதையெல்லாம் நீங்க நம்புறீங்களா?"

"நம்பல. அதுக்காக அம்மாவ வெச்சா பரீட்ச பாக்கச் சொல்ற?"

ஓயுகி உள்ளே வைக்கக் காலைத் தூக்கினான். அப்போது மரத்தடியிலிருந்து அகேயோ கேட்டாள்: "அப்புறம் என்னடி ஆச்சு? படி." நெரியா படித்தாள். அவன் எழுத நினைத்து எழுத முடியாமல் போன வரி அது. கிழவி சிரித்தாள். ஓயுகி தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

ரோட்டோரம் ஒரு தகரக் கடை போட்டு, போன் கார்டும் சோப்பும் விற்றான். நைரோபியிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், மரத்தைப் படம் பிடித்தார்கள், அவனிடம் வழி கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வேலிக்கு வெளியே உட்கார்ந்து தன் நாவலைக் கேட்பான். அவன் வந்திருப்பதைப் பற்றி ஊரே அகேயோவிடம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அகேயோ, வெளியே இருமுவது யார் என்று கேட்டாள். யாரோ வழிப்போக்கன் என்றார் ஒபியேரோ. கிழவி கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "மீன் தலைய அவனுக்குக் குடு. நடுத்துண்டு போட்டா தின்னமாட்டான்."

அன்றிலிருந்து தினமும் மீன் தலை வேலி தாண்டிப் போயிற்று. வருஷங்கள் போயின. அறுவடைக்கு முன்னால், பாயிலேயே, நெரியா படித்துக்கொண்டிருக்கும்போதே அகேயோ செத்தாள். ஓயுகி வெளியே நின்று அழுதான். ஒபியேரோ உள்ளே நின்று மண் தள்ளினார். அதற்குப் பிறகு மரம் ஒரே ஒரு காய் காய்த்தது. நெரியா மாற்றலாகிப் போயிருந்தாள். ஒபியேரோ அதைப் பறித்து வந்து வேலிக்கு மேலாக நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு?"

ஓயுகி நெடுநேரம் பார்த்தான். "வாசல் தெறந்துதான் இருக்கு, உள்ள வந்து சாப்புடுடான்னு போட்டிருக்குண்ணே."

ஒபியேரோ காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்புதான் தெரிந்தது. இப்போது அந்த வீட்டில் மூத்தவர் அவர்தான்.

"படிக்கத் தெரியாதவன்கிட்ட என்ன வேணா சொல்லலாம்டா," என்றார். காயைத் தம்பியின் கையில் போட்டுவிட்டு, வலையைத் தோளில் எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே ஏரிப்பக்கம் நடந்தார். படலைச் சாத்தவில்லை.